தொடர் நாடகமும் கதாசிரியரும்
(சேரன்மகாதேவியில் நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கதை எழுதப் புகும் நமது சமூகத்து வாலிபர் பலர் தொலைக்காட்சித் தொடர் நாடகங்களை இகழ்கின்றனர். ஆயினும் அவற்றினின்று கற்கத்தக்க விஷயம் ஒன்றுண்டு. 2002 முதல் 2005 வரை சன் தொலைக்காட்சியில் வெளிவந்த, திருமுருகன் இயக்கிய ‘மெட்டி ஒலி’யை எடுத்துக்கொள்வோம். அதில் அரசருமில்லை, மாயமுமில்லை. ஐந்து பெண்களைப் பெற்ற தகப்பனார் ஒருவரின் குடும்பமே கதை. “அப்பெண் புக்ககத்தில் என்ன பாடுபடுகின்றாளோ?” என்னும் கவலையே ஜனங்களை மறுநாளும் அதன்முன் அமர்த்திற்று. சம்பவம் வியப்பை அளிக்கும். பாத்திரத்தின்மேற் பிறக்கும் பரிவன்றோ காத்திருக்கச் செய்யும்? நம் வீட்டுப் பெண்டிர் அங்கே கண்ணீர் விடுவது தம் துயரையே காண்பதால். அத்துயரை எழுத மறுப்பவன் நூலை அவர்கள் ஏன் தொடவேண்டும்? முடியவேண்டிய கதையை நீட்டும் குற்றத்தை மட்டும் பயிலாதொழிக. பரிவைப் பயில்க என்று கூறி அமர்கின்றேன்.