வேலிக்கு அப்பால் ஒரு பிள்ளை
(அறக்கட்டளை நூலகப் பெற்றோர் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





இந்த விடுமுறையில் நம் நூலகத்தில் பிள்ளைகள் அதிகம் கேட்டு வாங்கியது ஓர் ஆங்கிலக் கதை. அயர்லாந்து எழுத்தாளர் ஜான் பாய்ன் 2006இல் வெளியிட்ட 'தி பாய் இன் தி ஸ்ட்ரைப்டு பைஜாமாஸ்'. 2008இல் சினிமாவாகவும் வந்தது. நாஜி முகாமின் தலைமை அதிகாரிக்கு புரூனோ என்று ஒரு மகன், வயது ஒன்பது. முள்வேலிக்கு அந்தப் பக்கம் ஷ்முவேல் என்ற யூதப் பையன். இருவருக்கும் ஒரே பிறந்த நாள். வேலியின் இரு பக்கமும் உட்கார்ந்து பேசிப் பேசியே சிநேகிதர்கள் ஆகிறார்கள். கடைசியில் புரூனோ வேலிக்கு அடியில் நுழைந்து உள்ளே போக, இரண்டு பிள்ளைகளும் கைகோத்தபடியே விஷவாயு அறையில் மடிகிறார்கள்.

படித்த பிள்ளைகள் அழுதார்கள் என்று தாய்மார்கள் சொன்னீர்கள். அழட்டும், மனம் இளகுவது நல்லதுதான். ஆனால் யாருக்காக அழுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் புரூனோவுக்காகத்தான். தவறிப்போய் உள்ளே வந்துவிட்ட அதிகாரி மகனுக்காக. அங்கேயே சாக வேண்டும் என்று கொண்டுவரப்பட்ட பிள்ளை இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகிறான். எனக்கு அந்தக் கதையில் உறுத்துவது இதுதான்.

ஆஷ்விட்ஸ் நினைவு அருங்காட்சியகமே 2020இல், இந்த வரலாற்றைப் படிப்பவர்களும் கற்பிப்பவர்களும் இந்தப் புத்தகத்தைத் தவிர்க்க வேண்டும் என்று சொன்னது. அந்த முகாமுக்குச் சுமார் 2,32,000 சிறுவர்களும் குழந்தைகளும் கொண்டுவரப்பட்டார்கள். யூதப் பிள்ளைகளில் பெரும்பாலோர் வந்து இறங்கிய அன்றே கொல்லப்பட்டார்கள். வேலியோரம் உட்கார்ந்து மாதக்கணக்கில் கதை பேச எந்தப் பிள்ளைக்கும் அவகாசம் கிடைக்கவில்லை. வேலியிலும் மின்சாரம் பாய்ந்தது. அப்புறம், ஒன்பது வயது ஜெர்மன் பிள்ளைக்கு யூதர் என்றால் யார் என்றே தெரியாதாம்! பள்ளிப் பாடத்திலேயே வெறுப்பை ஊட்டிய காலம் அது. பத்து வயதானால் ஹிட்லரின் சிறுவர் படையில் சேர்ந்தாக வேண்டும்.

அப்படியானால் எதைக் கொடுப்பது? ஜெர்மானியரான ஹான்ஸ் பீட்டர் ரிக்டர் 1961இல் எழுதிய கதை ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஃபிரீட்ரிக்' என்று பெயர். ஒரே கட்டடத்தில் மாடியிலும் கீழுமாகக் குடியிருக்கும் இரண்டு குடும்பங்கள், ஒரே வயதில் இரண்டு பையன்கள். கதை சொல்பவன் ஜெர்மன் பையன், அவனுக்குப் பெயர்கூட இல்லை. ஃபிரீட்ரிக் யூதன். இங்கே வேலி கிடையாது, மாடிப்படிதான் உண்டு.

1933இல் ஃபிரீட்ரிக்கின் தகப்பனாருக்கு அரசாங்க வேலை போகிறது. வேலையில்லாமல் இருந்த மற்றத் தகப்பனாரோ நாஜிக் கட்சியில் சேர்கிறார். கெட்ட மனிதர் அல்லர். பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டும், அவ்வளவுதான். நாட்டை விட்டுப் போய்விடுங்கள் என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் இரகசியமாக எச்சரிக்கவும் செய்கிறார். ஆனால் கட்சி அட்டை சட்டைப்பையிலேயே இருக்கிறது. பிறகு 1938 நவம்பரில் கூட்டம் யூதர்களின் இடங்களை அடித்து நொறுக்கும்போது கதை சொல்லும் பையனும் அதில் சேர்ந்துகொள்கிறான். வீட்டுக்கு வந்தால் மாடி வீட்டில் சிநேகிதன் வீடும் சூறையாடப்படுகிறது. 1942இல் குண்டு விழும் இரவில், பதுங்கு அறையின் கதவைத் தட்டிக் கெஞ்சும் ஃபிரீட்ரிக்கை வீட்டுச் சொந்தக்காரர் உள்ளே விடவில்லை. உள்ளே இருந்தவர்களில் அவனைச் சிறு வயதிலிருந்தே அறிந்தவர்களும் உண்டு. பிறகு பார்த்தால் அவன் வாசற்படியில் இறந்து கிடக்கிறான்.

இதைப் படிக்கும் பிள்ளைக்கு ஒரு கேள்வி வரும்: அந்தக் கதவுக்கு உள்ளே நான் இருந்தால்?

சென்ற கூட்டத்தில் ஒரு சகோதரர் கேட்டார்: "காஸாவில் நம் பிள்ளைகள் சாகும்போது, யூதப் பிள்ளையின் கதை எதற்கு?" நியாயமான வேதனை. அதை நான் தட்டிக்கழிக்கவில்லை. ஆனால் அந்தப் பதுங்கு அறைக் கதவும் இதே மாதிரி ஒரு பேச்சால்தான் மூடியது: இவன் நம் பிள்ளை அல்ல. காஸாவின் பிள்ளைக்காக உலகத்திடம் நியாயம் கேட்கிற நாம், ஃபிரீட்ரிக்கைப் பார்த்து அதையே சொல்ல முடியுமா?

அல்பேனியாவில் ரெஃபிக் வெசேலி என்ற முஸ்லிம் இளைஞர் இருந்தார். வயது பதினேழு. போட்டோ எடுக்கும் தொழில் பழகப் போன இடத்தில், யுகோஸ்லாவியாவிலிருந்து தப்பி வந்த மண்டில் என்ற யூதக் குடும்பம் பழக்கமானது. 1943இல் ஜெர்மன் படை அல்பேனியாவுக்குள் வந்ததும், பெற்றோரின் சம்மதத்தோடு அவர்களைத் தம் மலைக் கிராமமான குரூயாவுக்கு அழைத்துப் போனார். பெரியவர்களைத் தொழுவத்துக்கு மேலிருந்த சிற்றறையில் ஒளித்து வைத்தார்கள். பிள்ளைகளோ முஸ்லிம் பெயரோடு ஊர்ப் பிள்ளைகளுடன் வெளியிலேயே விளையாடித் திரிந்தார்கள். போர் முடியும்வரை காட்டிக்கொடுக்க ஆள் இல்லை. பிழைத்த பிள்ளை கவ்ரா மண்டில் பெரியவனாகி இஸ்ரேலில் எழுதிக் கேட்டதன்பேரில், 1987இல் வெசேலி குடும்பத்துக்கு அந்நாட்டின் உயர்ந்த நன்றி விருது கிடைத்தது. கதைக்காரர் இட்டுக்கட்டாத வேலித் தோழமை இது.

பாய்னின் புத்தகத்தை நூலகத்திலிருந்து எடுத்துவிடப் போவதில்லை. மறைத்த புத்தகத்தைத்தான் பிள்ளைகள் முதலில் தேடுவார்கள்! அதைக் கேட்கிற பிள்ளைக்கு 'ஃபிரீட்ரிக்'கையும் சேர்த்துக் கொடுக்கும்படி நூலகரிடம் சொல்லியிருக்கிறேன். எட்டாம் வகுப்புக்குக் கீழே உள்ளவர்களுக்கு இரண்டும் வேண்டாம். வரும் ஞாயிறு அஸர் தொழுகைக்குப் பின், படித்த பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசப் போகிறோம், இன்ஷா அல்லாஹ். அத்தாவோ அம்மாவோ ஒருவர் கட்டாயம் கூட வர வேண்டும்.