அளந்து செய்யும் அறம்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



தலைநகருக்குப் பிழைப்பு நாடி வந்த நம்மில் பலர், முதல் இரவை ஊர்க்காரர் ஒருவருடைய அறையில், பாயின் ஓரத்தில் கழித்தவர்கள். அந்தப் பாய் கிட்டாதிருந்தால் நம் கதை நடைபாதையில்தான் தொடங்கியிருக்கும். ஆதலால் வீடற்றோரைப் பற்றிப் பேசுவது, யாரோ பிறரைப் பற்றிப் பேசுவதன்று.

2011-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் இரவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பினர் வீடற்றோரை எண்ணினர். நாடெங்கும் ஏறத்தாழ 17.7 லட்சம் பேர். தில்லியில் சுமார் 47 ஆயிரம் பேர். உண்மைத் தொகை இதனினும் மிகுதி என்பர் தொண்டர்கள். 2010-இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, பெருநகரங்களில் லட்சம் மக்களுக்கு ஒரு தங்குமிடம் வேண்டுமெனப் பணித்தது. தில்லியில் 'ரைன் பசேரா' என வழங்கும் இரவுத் தங்குமிடங்கள் பெருகின. இரவுதோறும் தங்கினோர் தொகையும் குறிக்கப்படுகிறது.

நல்லதே. ஆயினும் சிறிது எண்ணிப் பாருங்கள். ஒரு தங்குமிடத்தில் நாளொன்றுக்கு நூறு பேர் என்றால், ஆண்டுக்கு 36,500 பதிவுகள். அவர்கள் ஆண்டு முழுவதும் தங்கிய அதே நூறு பேரா? அன்றி, சில நாள் தங்கி அகன்ற ஆயிரக்கணக்கானோரா? முன்னவர்க்கு வேண்டுவது நிலையான அறை, முதியோர் ஓய்வூதியம், மருத்துவம். பின்னவர்க்கு வேண்டுவது வேலை கிடைக்கும் சந்தையருகே ஒரு படுக்கை. தலையெண்ணிக்கை மட்டும் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது. படுக்கை காலியாகக் கிடக்க, அருகிலேயே ஒருவர் தெருவில் உறங்குவதும் உண்டு. சைக்கிள் ரிக்‌ஷாவை விட்டு வர அஞ்சுவோர், மனைவி மக்களைப் பிரிய மனமில்லாதோர் எனக் காரணங்கள் பல. கேட்டாலன்றி அவை தெரியா.

அமெரிக்காவில் 2009-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், ஒவ்வோர் ஊரும் இரு வினாக்களுக்கு விடை கூறவேண்டுமென வகுத்தது. ஒருவர் எவ்வளவு காலம் வீடின்றி இருந்தார்? வீடு பெற்றுச் சென்றவர்களில் எத்தனை பேர் மீண்டும் தெருவுக்கே திரும்பினர்? ஹூஸ்டன் நகரில் தனித்தனியே ஏடு வைத்திருந்த தொண்டு நிறுவனங்கள் ஒன்றுகூடித் தம் ஏடுகளை ஒன்றாக்கின. யாருக்கு இடர் மிகுதியோ அவருக்கு முதலில் வீடு என்று முறை வகுத்தன. 2011-க்குப் பின் பத்தாண்டுகளில் அங்கே வீடற்றோர் தொகை பாதிக்கும் கீழே இறங்கியது. ஏடு மட்டும் இதைச் செய்துவிடவில்லை. வாடகை வீடுகளும் அரசின் பணமும் வேண்டியிருந்தன. அவற்றை எங்கே செலவிடுவது என்று காட்டியது ஏடு.

இதில் ஓர் இடுக்கணும் உண்டு. நல்ல கணக்குக் காட்டும் ஆசையில், எளிதில் தேறுவோரை மட்டும் சேர்த்து, நோயாளியையும் மனம் கலங்கியவரையும் வாயிலிலேயே திருப்பிவிடும் நிலை வரலாம். ஆதலால் யார் சேர்க்கப்படவில்லை என்பதையும் ஏடு சொல்லவேண்டும். ஒருவர் கதையை அவர் இசைவின்றி எழுதுவதும் தகாது.

இனி நம்மைப் பற்றி. குளிர்காலந்தோறும் நாம் போர்வை வழங்குகிறோம். எத்தனை போர்வை என்று ஆண்டறிக்கையில் பெருமையோடு அச்சிடுகிறோம். போர்த்தியவர் அடுத்த குளிர்காலத்தில் எங்கே இருந்தார் என்று நாம் ஒருமுறையேனும் கேட்டதில்லை. குறை நம்முடையதே. 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்ற முதுமொழியைப் போர்வை எண்ணுவதற்கே நாம் பயன்படுத்தினோம், வாழ்வை அளக்கவில்லை.

வரும் குளிர்காலத்தில் நம் குடியிருப்புக்கு அருகிலுள்ள ஒரே தங்குமிடத்தை எடுத்துக்கொள்வோம். போர்வை சற்றுக் குறைந்தாலும் குறையட்டும். அங்குள்ளோர் இசைந்தால், என்ன தடையாக இருக்கிறது என்று கேட்டெழுதுவோம். அடையாளச் சான்றோ, வங்கிக் கணக்கோ, காசநோய் மருந்தோ, எது வேண்டுமோ அதற்கு உடன் செல்வோம். மூன்று திங்கள் கழித்து மீண்டும் சென்று வினவுவோம். அடுத்த ஆண்டு மலரில், நாம் கொடுத்தது எவ்வளவு என்பதற்குப் பதிலாக, எத்தனை பேருக்கு ஒரு கதவும் ஒரு பூட்டும் சொந்தமாயின என்று அச்சிடுவோம். அவ்வெண் ஒன்றே ஆயினும், ஒளிக்காமல் அச்சிடுவோம்.