சம்பளம் இரண்டு, வீடு ஒன்று
(சுங்கைப் பட்டாணியில் தோட்டத் தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில் ஒரு கிராணியார் ஆற்றிய உரை)



நான் செக்ரோல் எழுதும் கிராணி. எனக்குக் கணக்குத்தான் பேசத் தெரியும். இன்று வீட்டுக் கணக்கு. சிரிக்காதீர்கள்! சம்பள உயர்வுக்குத் தோளோடு தோள் நிற்கும் கணவனும் மனைவியும், கரண்டு பில் வந்த அன்று ஆளுக்கொரு மூலையில் உட்காருவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

நம் பாட்டன் காலத்தில் இந்தப் பேச்சு எழவில்லை. லயத்து வீடு தோட்டத்தினுடையது. தண்ணீர் பொதுக் குழாயில் வந்தது. ஆனால் கூலி? 1920களின் இறுதியில் மலாயாவின் பல பகுதிகளில் இந்தியத் தொழிலாளருக்கு வகுத்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930இல் அதையும் 40, 32 என்று வெட்டினார்கள். குறைந்த கூலி வாங்கிய அந்தப் பெண்தான் விடியுமுன் எழுந்து சோறாக்கினாள், பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பிரட்டுக்கு ஓடினாள். அந்த வேலை எந்தச் செக்ரோலிலும் ஏறவில்லை.

இன்று பல தோட்டங்கள் தாமான்களாகிவிட்டன. கூலிமில் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறக்கப்பட்டது. நம் பெண்கள் பாக்டரி பஸ் ஏறுகிறார்கள். வீட்டுக்கு வங்கித் தவணை, தெனாகா பில், தண்ணீர் பில், வீட்டு வரி எல்லாம் உண்டு.

"என் வீட்டுக்கு வந்திருக்கிறாய், பாதி கொடு" என்கிறான் கணவன். பாதி என்றால் நியாயம் போலத்தான் இருக்கும். கணக்குப் போடுவோம். 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆனது. அவளுக்கு அது என்றும், லாரி ஓட்டும் அவனுக்கு 2,550 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுச் செலவு 1,500. ஆளுக்கு 750 போட்டால் அவளுக்கு மிஞ்சுவது 950, அவனுக்கு 1,800! சம்பளத்துக்குத் தக்கபடி பிரித்தால் அவள் 600, அவன் 900. சேமநிதிக்கு இருவரிடமும் 11 விழுக்காடு பிடிப்பதால் இந்த விகிதம் மாறாது. வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனவருக்கும் இதே கணக்குத்தான். "மாமனார் வீட்டில் நான் பில் கட்டுவதா?" என்று மீசை முறுக்குகிறவர் அங்கே விசிறியைப் போடாமலா தூங்குகிறார்?

தவணை வேறு சங்கதி. அரிசியும் கரண்டும் தீர்ந்துபோகும். தவணை கட்டினால் சுவர் மிஞ்சும். அந்தச் சுவர் யார் பெயரில் இருக்கிறது? அவன் தவணை கட்டுகிறான், அவள் பத்தாண்டு மளிகை வாங்குகிறாள். கடைசியில் அவன் கையில் வீடு, அவள் கையில் காலி டப்பா. ஆகவே தவணையில் அவள் காசு சேருமானால் பத்திரத்தில் அவள் பெயரும் சேரட்டும். வங்கி இப்போது முடியாது என்றால், அவள் கொடுத்ததற்கு ரசீதாவது இருக்கட்டும். இது நம்பிக்கைக் குறைவு என்று சில பெரியவர்கள் முணுமுணுக்கிறார்கள். சீட்டுப் பிடிக்கும்போது மட்டும் நோட்டில் கையெழுத்து வாங்குகிறோமே, ஐயா!

சட்டமும் கண்ணை மூடிக்கொண்டு இல்லை. 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டத்தின் 76ஆம் பிரிவு, சொத்தைப் பிரிக்கும்போது பணம் கொடுத்ததை மட்டுமல்ல, வீட்டையும் குடும்பத்தையும் கவனித்ததையும் நீதிமன்றம் பார்க்க வேண்டும் என்கிறது. திருமணத்துக்கு முன்பே ஒருவர் வாங்கிய வீடானாலும், மற்றவர் உழைப்பால் பிறகு பெருமளவு மேம்பட்டிருந்தால் அதுவும் கணக்கில் வரும்.

ஆனால் 1982 மார்ச்சில் நடப்புக்கு வந்த இந்தச் சட்டம், முஸ்லிம் அல்லாதார் திருமணத்தைப் பதியச் சொல்கிறது. நாமோ கோயிலில் தாலி கட்டி, ஊருக்கே சோறு போட்டுவிட்டு, பதிவை மட்டும் "அடுத்த மாதம்" என்கிறோம். பிள்ளை பள்ளிக்கூடம் சேரும் வயது வந்தும் பதியாத ஜோடிகள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள். அத்தாட்சி இல்லாமல் நீதிமன்றப் படி ஏறினால், பங்கு கேட்பதற்கு முன் மனைவி என்று நிரூபிப்பதற்கே மூச்சு வாங்கும்.

பதிவுப் பாரம் நிரப்பத் தெரியாதவர்கள் கூட்டம் கலைந்ததும் வாசல் பக்கத்து மேசைக்கு வாருங்கள். அடையாளக் கார்டு கையிலிருந்தால் இன்றே எழுதிவிடலாம்.