எலியாவுக்குக் கிடைத்த தேறுதல்



2024 பிப்ரவரி 17 அன்று, வெம்பக்கோட்டை அருகே ராமுத்தேவன்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 10 பேர் இறந்தனர். இத்தகைய விபத்துகளுக்குப் பின், கதவு அறைந்தாலே நெஞ்சு படபடத்து, உறக்கமும் பசியும் கெட்டுத் தவிப்போர் நம்மிடையே உண்டு. அது விசுவாசக் குறைவு அன்று.

இறைவாக்கினர் எலியாவும் சூரைச்செடியின் அடியில் சாவை வேண்டினார். ஆண்டவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. முதலில் உறங்க விட்டார். வானதூதர் வழியாக உணவு தந்தார். பின்பு, தாம் ஒருவரே மீந்திருப்பதாக அவர் புலம்பியபோது, இன்னும் ஏழாயிரம் பேர் இருப்பதை அறிவித்தார்.

அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில் வகுத்த சி.பி.டி. என்னும் பேச்சுச் சிகிச்சையும் எண்ணத்தைத்தான் சோதிக்கிறது. சத்தம் கேட்டதும் 'மறுபடியும் ஆலை வெடித்துவிட்டது' என்ற எண்ணம் எழுகிறது, உடல் நடுங்குகிறது. அந்த எண்ணத்தை எழுதி, அதற்கு ஆதாரம் உண்டா என்று பார்க்கவும், பயந்து ஒதுங்கிய இடங்களுக்குச் சிறிது சிறிதாகத் திரும்பவும் ஆலோசகர் நம்மைப் பழக்குகிறார்.

ஆலையின் ஆபத்து உண்மையானது. அதற்குப் பாதுகாப்பு விதிகளே வழி. வீட்டுக்குள்ளும் விடாமல் துரத்தும் அச்சத்துக்கோ சிகிச்சை உண்டு. 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

செபிப்போம், தயங்காமல் உதவியும் கேட்போம். ஆமென்.