வைரஸின் கொழுப்பு உறையும் கரைப்பான்களும்
(பால் உற்பத்தியாளர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கோமாரி கண்ட தொழுவத்திலிருந்து வெளிவருவோர் சிலர், கையில் சிறிது ஸ்பிரிட்டைத் தடவிக்கொண்டு, இனி அச்சமில்லை என்று அடுத்த தொழுவத்தினுள் நுழைவதை நாம் காண்கிறோம். 2020-ஆம் ஆண்டில் கொரோனா பரவியபோது வந்த பழக்கம் இது. அந்நோய்க்கு இது தக்க முறையே. கோமாரிக்கு அவ்வாறன்று. காரணத்தை அறிய வேண்டுமாயின், வைரஸின் மேனியை நாம் சற்று ஆராய்தல் வேண்டும்.

வைரஸ்களுள் இரு வகை உண்டு. இரண்டிலும் மரபுப் பொருளைச் சுற்றிப் புரதத்தாலான கூடு ஒன்று இருக்கும். ஒரு வகைக்கு அக்கூட்டின் மேல் மெல்லிய கொழுப்பு உறையும் உண்டு. அவ்வுறையை வைரஸ் தானாகச் செய்துகொள்வதில்லை. தான் புகுந்து கெடுத்த உயிரணுவின் சவ்விலிருந்தே ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு வெளிவருகிறது. உறையில் முட்கள் போன்ற புரதங்கள் நாட்டப்பட்டிருக்கும். அவற்றைக் கொண்டே வைரஸ் அடுத்த உயிரணுவைப் பற்றுகிறது.

எண்ணெய்ப் பிசுக்கு வெறும் நீரில் போகாது என்பதையும், சீயக்காயோ சவர்க்காரமோ இட்டால் போய்விடும் என்பதையும் நம் இல்லங்களில் அறியாதார் இலர். இங்கு நிகழ்வதும் ஏறக்குறைய அதுவே. ஈதர், குளோரோஃபாம் முதலிய கரைப்பான்கள் கொழுப்பைக் கரைத்துவிடுகின்றன. சவர்க்காரத்தின் மூலக்கூறோ தன் வாலைக் கொழுப்பினுள் செருகி, உறையைத் துண்டு துண்டாகப் பிரித்தெடுக்கிறது. உறை போனால் முட்களும் போயின. பற்றுதற்கு வழியற்ற வைரஸ் நோய் உண்டாக்கும் ஆற்றலை இழக்கிறது. ஸ்பிரிட்டில் உள்ள ஆல்கஹால் உறையைக் குலைப்பதோடு புரதத்தையும் உருக்குலைக்கும். அதற்குச் சிறிது நீரும் வேண்டும். ஆதலின்தான் கலப்பற்ற ஆல்கஹாலைவிட நூற்றுக்கு 70 அல்லது 80 பங்கு உள்ளது நன்கு வேலை செய்கிறது.

1949-ஆம் ஆண்டில் ஆண்ட்ரூஸ், ஹார்ஸ்ட்மன் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் பல வைரஸ்களை ஈதரில் இட்டுச் சோதித்து, சில அழிவதையும் சில அழியாதிருப்பதையும் எடுத்துக்காட்டினர். பிற்காலத்தில் இரத்தத்திலிருந்து எடுக்கும் மருந்துகளைத் தூய்மை செய்யவும் இவ்வறிவு பயன்பட்டது. 1985-ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் கரைப்பானும் சவர்க்காரம் போன்ற பொருளும் சேர்த்து, எய்ட்ஸ் வைரஸையும் மஞ்சட்காமாலை பி வைரஸையும் செயலிழக்கச் செய்தனர். ஆயினும் உறையில்லாத மஞ்சட்காமாலை ஏ வைரஸ் அதற்கு அசையவில்லை.

கால்நடை, கோழிகளுக்கு வருவோம். கோழியின் வெள்ளைக்கழிச்சல் வைரஸுக்கு உறை உண்டு. 2011-இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்ட மாட்டு வெக்கை நோயின் வைரஸுக்கும் அது இருந்தது. கோமாரி வைரஸ் உறையற்றது. ஈதரும் குளோரோஃபாமும் கரைப்பதற்கு அதில் கொழுப்பே இல்லை. ஸ்பிரிட்டை நம்புவதற்கும் இல்லை. போர்வை உள்ளதே எளிதில் மடிகிறது. இல்லாதது தாங்கி நிற்கிறது என்பது விந்தையே.

எனினும் அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. மிகுந்த புளிப்பையும் மிகுந்த காரத்தையும் அதன் புரதக்கூடு பொறுக்காது, சிதைந்துவிடும். ஆகவே நமக்கு உதவுவது விலை மலிந்த சலவைச் சோடாவே. ஒரு லிட்டர் நீருக்கு உலர்ந்த தூளாயின் 40 கிராம். நீர் கலந்த படிகமாயின் சுமார் 100 கிராம். ஆப்பச் சோடா வேறு பொருள். அதன் காரம் இதற்குப் போதாது. முதலில் சாணத்தையும் வைக்கோலையும் அகற்றித் தரையைக் கழுவுக. அழுக்கு மூடியிருந்தால் எம்மருந்தும் உள்ளே எட்டாது. பின்னர்க் கரைசலைத் தெளித்து அரை மணி நேரம் ஊறவிடுக. செருப்பையும் தீவனத் தொட்டியையும் வண்டிச் சக்கரத்தையும் இவ்வாறே செய்க. கண்ணில் படாமல் காத்துக்கொள்க. மாட்டின் வாய்ப்புண்ணிலோ குளம்புப் புண்ணிலோ இதை ஊற்றலாகாது. அப்புண்களுக்குரிய சிகிச்சையையும், ஆறு மாதத்திற்கு ஒரு முறை போடும் தடுப்பூசியையும் கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் பெறுக.