கோடைக் களையும் குழந்தைகள் ஆடும் புல்தரையும்

(லிங்கராஜபுரம் தமிழ்க் குடும்பங்களின் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுதல் மரபு. எனக்கோ களையைப் பற்றிப் பேசும்படி கட்டளை கிடைத்திருக்கிறது. இதற்கும் இலக்கியத்திற்கும் உறவே இல்லையென்று சொல்லிவிட முடியாது. உழவு அதிகாரத்தில் வள்ளுவர் களையெடுத்தலைக் ‘கட்டல்’ என்னும் வினையால் சுட்டுகிறார். எருவிடுதலுக்கும் நீர் பாய்ச்சுதலுக்கும் நடுவே அதனை வைக்கிறார். களைக்கொட்டு என்னும் சிறு கருவி நம் முன்னோர் வீட்டு இறவாணத்தில் எப்போதும் செருகியிருந்தது. நாமும் ஊர்விட்டு ஊர் வந்து, காலனியில் வீடு கட்டி, நடுவே ஒரு துண்டு நிலத்தைப் புல்தரையாக்கி வைத்திருக்கிறோம். மாலையில் குழந்தைகள் அங்கே புரளுகிறார்கள். முதியோர் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கிறார்கள்.

சித்திரை பிறந்ததும் அந்தப் புல் பழுப்பேறுகிறது. நடுவே களைகள் மட்டும் பச்சைப்பசேலென்று நிற்கின்றன. உடனே ஒருவர், “மருந்து அடித்துவிட்டால் போயிற்று” என்கிறார். நஞ்சுக்கு மருந்தென்று பெயரிட்ட நம் பேச்சு வழக்கை என்னவென்பது! வெயில் கடுமையான நாட்களில் களைக்கொல்லி தெளித்தல் ஆகாது என்பதே நான் சொல்ல வந்த செய்தி. காரணம் கேளுங்கள்.

பெங்களூர் குளிர்ச்சியான ஊரென்ற பெயர் இன்னும் போகவில்லை. ஆனால் 2016 ஏப்ரலில் இங்கே வெப்பம் 39.2 பாகையைத் தொட்டது. 34, 35 பாகை என்பது ஏப்ரல் பகலுக்குப் புதிதன்று. அத்தகைய வெயிலில் செடி தன் நீரைக் காத்துக்கொள்ள இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. இலைமேலுள்ள மெழுகுப் பூச்சும் தடிக்கிறது. தெளித்த நஞ்சு உள்ளே இறங்குவதில்லை. ஆகவே களை சாவதில்லை. வாடி நிற்கும் புல்லோ கருகிவிடுகிறது. இஃது ஒரு கேடு.

மற்றொன்று இதனினும் பெரிது. அகன்ற இலைக் களைகளைக் கொல்ல 2,4-டி என்னும் மருந்தைப் பயன்படுத்துவர். அதன் எஸ்டர் வகை வெயிலில் ஆவியாகிக் காற்றோடு போகும். அடுத்த வீட்டு மாடியில் தக்காளிச் செடியோ திராட்சைக் கொடியோ இருந்தால், அதன் இலைகள் முறுக்கிச் சுருண்டுவிடும். யார் செய்தது என்று அவர்களுக்கும் தெரியாது, செய்தவருக்கும் தெரியாது. இன்னொன்று: தெளிக்கும் தொழிலாளி அந்த வெயிலில் கையுறையும் முகமூடியும் அணிந்திருக்க மாட்டார். வியர்த்து நனைந்த தோல் நஞ்சை எளிதில் உறிஞ்சும். கூலி கொடுத்துவிட்டோம் என்று நாம் நிழலில் நின்றுகொள்ளலாமா?

கிளைபோசேட் என்பது களையென்றும் புல்லென்றும் பார்ப்பதில்லை. பச்சை கண்ட இடமெல்லாம் கொல்லும். பூச்சிக்கட்டுப்பாட்டுத் தொழிலர் அன்றிப் பிறர் அதனைப் பயன்படுத்தலாகாது என்று இந்திய அரசு 2022 அக்டோபரில் ஆணையிட்டது. பாராகுவாட்டோ, ஒரு வாய் விழுங்கினாலும் உயிரைக் குடிக்கும். அதற்கு மாற்று மருந்தே கிடையாது. இவற்றைக் காலிச் சோடா பாட்டிலில் ஊற்றிக் குளியலறை மூலையில் வைக்கும் வழக்கம் ஒன்றுண்டு. தாய்மார்களே, அந்தப் பாட்டில் உங்கள் வீட்டில் இருந்தால் அதனை இன்றே பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் பூட்டுக்குள் வையுங்கள். சாக்கடையில் மட்டும் ஊற்றாதீர்கள். கடையில் வாங்கும் கலத்தின்மேல் ஒரு சாய்சதுரம் அச்சிட்டிருக்கும். அதன் கீழ்ப்பாதி சிவப்பானால் கொடிய நஞ்சு, மஞ்சள் அதற்கு அடுத்தது, பின் நீலம், பின் பச்சை. பச்சை என்றால் பருகலாம் என்று பொருளன்று.

இனி, நாம் களையென்று வெறுப்பவை யாவை என்று சற்றுக் குனிந்து பாருங்கள். புளியாரை, பருப்புக்கீரை, கீழாநெல்லி, அம்மான் பச்சரிசி, கோரை. இவற்றுள் பாதி நம் பாட்டிமார் கையில் துவையலும் கஷாயமும் ஆனவை. இன்றும் காலையில் மடியில் கீரை பறித்துப் போகும் மூதாட்டிகள் நம் காலனியில் உண்டு. முதல் நாள் மருந்தடித்ததை அவர்களிடம் யார் சொல்வார்? இந்த ஒரு காரணமே எனக்குப் போதுமானது. மேலும், நாம் காக்க விரும்பும் புல்லே பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்தான். மேனாட்டார் பெர்முடா புல் என்று பெயரிட்டுப் பந்தாட்ட மைதானங்களில் வளர்ப்பதும் இதுவே. மணமக்களை வாழ்த்தும்போது அதன் வேரைச் சொல்லி வாழ்த்துகிறோமல்லவா? வெயிலில் அது சாவதில்லை, உறங்குகிறது. ஒரு மழை பெய்தால் எழுந்துவிடும்.

ஆகவே கோடையில் செய்யத்தக்கது குறைவே. புல்லை ஒட்ட வெட்டாதீர்கள். ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் குறைக்க வேண்டாம். உயர்ந்த புல் மண்ணுக்கு நிழல் தரும். நிழலில் களை விதை முளைப்பது அரிது. குடிநீரைப் பாய்ச்சாதீர்கள். 2024 மார்ச்சில் பெங்களூர் நீர் வழங்கல் வாரியம் தோட்டத்திற்குக் குடிநீர் பாய்ச்சுவதைத் தடைசெய்து 5,000 ரூபாய் அபராதம் விதித்தது. 2025 பிப்ரவரியிலும் அத்தடை வந்தது. நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேட்டுக்கு ஏற்றிக் கொண்டுவரும் காவிரி நீர் அது. அரிசி, காய்கறி கழுவிய நீர் விடியற்காலையில் போதும்.

சித்திரையில் இடியோடு ஒரு மழை வரும். அதற்கு மறுநாள் காலை களைக்கொட்டோடு இறங்குங்கள். ஈர மண்ணில் புளியாரையும் பச்சரிசியும் வேரோடு வரும். பச்சரிசியின் பால் கண்ணில் படலாகாது. பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். பூக்கும் முன்னே பிடுங்குவதே சிக்கனம்.

கோரைதான் பொல்லாதது. மேலே பிடுங்கினால் கிழங்கு உள்ளே தங்கி, ஒன்றுக்கு இரண்டாய் எழும். ஆனால் இதற்கு மட்டும் கோடையே நமக்குத் துணை. புல் அறவே போன இடத்தில் ஒரு சாண் ஆழம் கொத்தி, கிழங்குகளைப் பொறுக்கிச் சுடுமணலில் சில நாள் காயவிடுங்கள். ஈரம் வற்றினால் அவை முளைக்கா. கோடை உழவின் இரகசியம் இதுதான். கிழங்கை எறியவும் வேண்டா. குளியல் பொடி இடிக்கும் வீடுகளில் அதற்கு வரவேற்புண்டு. நடைபாதைக் கல்லிடுக்குக்குக் கொதிநீர் போதும், பிள்ளைகள் அருகில் இல்லாதபோது. உப்பைக் கொட்டாதீர்கள்; அது மண்ணையே கெடுத்துவிடும்.

வேலிக்கு வெளியே, காலிமனையில் நிற்கும் பார்த்தீனியத்தை இங்கே மறக்கலாகாது. கன்னடத்து அண்டை வீட்டார் ‘காங்கிரஸ் கிட’ என்பது இதனைத்தான். 1955-இல் புனாவில் இது கண்டறியப்பட்டது. அமெரிக்கக் கோதுமையோடு விதை கலந்து வந்தது என்பது பரவலான கருத்து. ஒரு செடி பல்லாயிரம் விதை சொரியும். கை பட்டால் சிலருக்குத் தோல் தடித்துப் புண்ணாகும். மகரந்தத்தால் மூச்சிரைப்பும் வரும். 1984-இல் மெக்சிகோவிலிருந்து தருவித்த ஒரு சிறு வண்டை இதே பெங்களூரில் விட்டார்கள். அது பார்த்தீனிய இலையைத் தின்று வளர்வது. கோடையில் மண்ணுக்குள் உறங்கிக் கிடக்கும், மழைக்குப்பின் வெளிவரும். மஞ்சள் மேனியில் கருங்கோடு ஓடிய வண்டைக் கண்டால் நசுக்கிவிடாதீர்கள். அதுவும் நம் ஆள்தான்.

அச்செடியைப் பிடுங்குவோர் முழுக்கைச் சட்டை, கையுறை, மூக்கில் துணி இவற்றோடு, வெண்பூ மலர்வதற்கு முன் பிடுங்க வேண்டும். தோல் ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் உள்ளவர் அருகே போகவே கூடாது. காலிமனைக்கு உரியவர் யாரென்று கேட்டு அலைவதற்குள் விதை உதிர்ந்துவிடும்; ஆதலால் கையுறை இருப்போர் அடுத்த மழைக்கு மறுநாள் காலை ஏழு மணிக்குத் தண்ணீர்த் தொட்டியருகே வந்துவிடுங்கள். களைக்கொட்டு என்னிடம் இரண்டு இருக்கின்றன.