கொடிக் கயிறு யார் கையில்?

(ஆத்தூர் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



சுதந்தர தினக் கொண்டாட்டத்தைப் பற்றி நம் மக்களுடைய மனம் எப்படி இருக்கிறது, அதில் சுயமரியாதைக்காரன் எங்கே நிற்பது என்பதைப் பற்றிப் பேசும்படி இவ்வூர்த் தோழர்கள் என்னைக் கேட்டுக் கொண்டார்கள். நான் பெரிய படிப்புப் படித்தவனல்லன். கையில் கிடைத்ததைப் படித்து, கண்ணில் பட்டதைப் பார்த்து, அதை உங்கள் முன் வைக்கிறவன். கேட்டுவிட்டுச் சரி என்று பட்டதை எடுத்துக் கொள்ளுங்கள். மற்றதை இங்கேயே கொட்டிவிட்டுப் போங்கள்.

ஆகஸ்ட் 15 அன்று நம் பக்கத்தில் என்ன நடக்கிறது? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மிட்டாய். சர்க்கார் உத்தியோகஸ்தருக்குச் சம்பளத்தோடு லீவு. சின்னாளபட்டியில் கூலிக்குத் தறி ஓட்டுகிறவருக்கும், தோட்டத்திற்குக் களையெடுக்கப் போகிற அம்மாவுக்கும் அன்று வேலை இல்லாவிட்டால் கூலியும் இல்லை. டாஸ்மாக் கடை மூடிவிடுமே என்பதற்காக 14 ஆம் தேதி இரவே சுதந்தரத்தை ஞாபகம் வைத்துக் கொள்ளுகிறவர்களும் நம்மில் உண்டு. (சிரிப்பு) சந்தோஷம் என்பது சர்க்கார் உத்தரவு போட்டு வருகிற சங்கதியா? அவனவன் நிலைமைக்குத் தக்கபடி வருகிறது, அல்லது வராமலே இருக்கிறது. வராதவனைப் பார்த்து “உனக்குத் தேசபக்தி இல்லையா?” என்று மிரட்டுவதுதான் வேடிக்கை.

நம்மைப் பார்த்து அப்படிக் கேட்பவர்கள் ஒரு பழைய கதையை எடுத்து நீட்டுகிறார்கள். “நீங்கள் 1947 லேயே துக்க நாள் என்று சொன்ன கூட்டந்தானே?” என்கிறார்கள். ஆம், சொன்னது மெய்தான். பெரியார் அவர்கள் 1947 ஜூலையில் “விடுதலை”யில் அறிக்கை விட்டார். வெள்ளையன் கையில் இருந்த அதிகாரம் பார்ப்பான் கைக்கும் வடநாட்டுப் பனியா கைக்கும் மாறுகிறதே தவிர, உழைக்கிற சூத்திரனுக்கும் பஞ்சமனுக்கும் அதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். ஆனால் கதையில் பாதியைச் சொல்லி மீதியை விழுங்கிவிடக் கூடாது. அதே கழகத்தில் இருந்த அண்ணாதுரை அவர்கள், ஆகஸ்ட் 10 ஆம் தேதி “திராவிட நாடு” இதழில் அதற்கு மாறாக எழுதினார். நமக்கு எதிரிகள் இருவர், அதில் ஒருவன் போகிறான், அந்த நாளை நாம் ஏன் சந்தோஷ நாளாகக் கொள்ளக்கூடாது என்பது அவருடைய வாதம்.

இதில் பெரிய விசேஷம் என்னவென்றால், தலைவர் துக்கம் என்று அறிக்கை விட்ட பிறகு, அவருக்குத் துணையாக இருந்தவர் தம் பத்திரிகையிலேயே இன்பம் என்று எழுத முடிந்தது. மனஸ்தாபம் இருந்தது, 1949 இல் கழகமே பிரிந்தது. என்றாலும் ஒருவரையொருவர் தேசத்துரோகி என்று சொல்லி ஜெயிலுக்கு அனுப்பவில்லை. இன்றைக்குத் தேசபக்திக்கு மொத்த வியாபாரம் செய்கிறவர்கள் இந்தச் சங்கதியைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

“வெள்ளைக்காரன் போனதற்கு அழுதவர்கள்” என்பது இன்னொரு பேச்சு. வெள்ளையன் வந்ததை எதிர்த்து விருப்பாட்சிக் கோபால நாயக்கர் 1801 இல் இந்தத் திண்டுக்கல்லில் தூக்கிலே தொங்கினாரே, அந்த ஊர்க்காரர்கள் நாம். வெள்ளையனை விரட்டியது தப்பென்று இங்கே யாரும் சொல்லவில்லை. விரட்டின பிறகு அவன் விட்டுப் போன நாற்காலியில் யார் உட்கார்ந்தார்கள் என்றுதான் கேட்கிறோம்.

சரி, அந்த நாற்காலி எப்படிக் கைமாறிற்று? பகல் வெளிச்சத்தில் அல்ல, நள்ளிரவில். நாள் நல்ல நாளாக இல்லை என்று ஜோசியர்கள் ஆட்சேபித்தார்கள் என்றும், அதற்காகவே 14 ஆம் தேதி இரவே சபையைக் கூட்டினார்கள் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். திருவாவடுதுறை மடத்திலிருந்து போனவர்கள் அன்று மாலை நேரு வீட்டில் அவர் நெற்றியில் விபூதி பூசிச் செங்கோலைக் கையில் கொடுத்தார்கள். நேருவோ கடவுள், சமயம் இவற்றில் பற்றில்லாதவர். அவரே நெற்றியை நீட்டினார் என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? மியூசியத்தில் கிடந்த அந்தச் செங்கோலை 2023 மே 28 இல் தூக்கிப் புதுப் பார்லிமெண்டில் வைத்தார்கள். ஓட்டுப் போட்டுச் சபைக்கு ஆள் அனுப்புவது குடிஜனங்கள். கோல் வருவது மடத்திலிருந்து!

செங்கோலை விடுங்கள், கொடிக்கயிற்றுக்கு வருவோம். சுதந்தர தினத்தில் ஒரு மாகாண முதலமைச்சர் கோட்டையில் கொடியேற்றும் உரிமை எப்போது வந்தது தெரியுமா? 1974 இல். அதுவரையில் கவர்னர்தான் ஏற்றினார். கருணாநிதி அவர்கள் கேட்டு வாங்கினார். ஜனங்கள் தேர்ந்தெடுத்தவன் கையில் கயிறு வருவதற்கு 27 வருஷம் ஆயிற்று. முதலமைச்சருக்கே இவ்வளவு காலம் என்றால், சேரியிலிருந்து வந்த ஊராட்சித் தலைவருக்கு?

1997 ஆம் வருஷம் சுதந்தரத்தின் பொன் விழா. டில்லியிலே பார்லிமெண்டு நள்ளிரவில் கூடிற்று, ஊரெல்லாம் தோரணம். அதற்கு ஆறு வாரங்களுக்கு முன், ஜூன் 30 ஆம் தேதி, நமக்குப் பக்கத்து ஜில்லாவில், மேலூருக்கு அருகே மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவரோடு ஐந்து பேரையும் பஸ்ஸில் வந்து கொண்டிருக்கையில் வெட்டிக் கொன்றார்கள். குற்றம் என்ன? ஆதிதிராவிடருக்கென்று சட்டம் ஒதுக்கிய நாற்காலியில் தேர்தலில் நின்று ஜெயித்தது. கொன்றது வெள்ளையனா? சுதந்தரம் வாங்கின நம் சொந்தக்காரர்கள்! ஆயுள் தண்டனை பெற்றவர்களில் 13 பேரை 2019 இல், எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டி முன்கூட்டியே விட்டுவிட்டார்கள். ஒருவருக்கு விழா, ஒருவருக்கு விடுதலை. புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு என்ன என்று அந்த உத்தரவில் எழுதவில்லை.

இதெல்லாம் பழங்கதை என்பீர்களானால், 2020 ஆகஸ்ட் 15 ஐ எடுத்துக் கொள்ளுங்கள். திருவள்ளூர் ஜில்லா ஆத்துப்பாக்கத்தில் ஜனங்கள் ஓட்டால் வந்த தலைவர் ஓர் ஆதிதிராவிட அம்மையார். பள்ளிக்கூடத்தில் கொடியேற்ற அழைப்பு வந்தது, பிறகு தடுக்கப்பட்டார். சங்கதி வெளியே வந்து நாறிய பிறகு, சில நாள் கழித்துக் கலெக்டரும் போலீஸ் சூப்பிரண்டும் நேரில் வந்து நின்று அவரை ஏற்ற வைத்தார்கள். 2022 இல் தலைமைச் செயலாளரே எல்லாக் கலெக்டர்களுக்கும் கடிதம் எழுத வேண்டி வந்தது: ஜாதியைக் காட்டித் தலைவர்களைக் கொடியேற்றாமல் தடுக்கக் கூடாது என்று. யோசித்துப் பாருங்கள் தோழர்களே! சுதந்தரக் கொடியைச் சுதந்தரமாக ஏற்றப் போலீசுப் பாதுகாப்பு!

அந்த அம்மையாரைப் போய், இது துக்க நாளா இன்ப நாளா என்று கேட்டால் என்ன சொல்லுவார்? சட்டம் இல்லாவிட்டால் அவர் தலைவராகியே இருக்க முடியாது; அது சந்தோஷந்தான். தலைவரான பிறகும் கயிற்றைத் தொட விடவில்லை, அது துக்கந்தான். இரண்டும் ஒரே நெஞ்சில் இருக்கும். அரசியலில் சமத்துவமும் சமுதாயத்தில் ஏற்றத்தாழ்வும் வைத்துக் கொண்டு முரண்பாட்டு வாழ்க்கைக்குள் நுழைகிறோம் என்று அம்பேத்கர் அவர்கள் 1949 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தது இதைத்தான்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உள்ள வியாதியுமல்ல. அமெரிக்காவில் அடிமையாய்ப் பிறந்து தப்பி வந்த பிரெடரிக் டக்ளஸ் என்ற கருப்பரை 1852 இல் சுதந்தர தின விழாவுக்குப் பேச அழைத்தார்கள். ஜூலை 4 க்குப் பதிலாக 5 ஆம் தேதி பேசி, உங்கள் ஜூலை 4 ஆம் தேதியால் அடிமைக்கு என்ன பயன் என்று கேட்டார். ஆஸ்திரேலியாவில் வெள்ளையர் குடியேறிய 150 ஆவது ஆண்டு விழாவை 1938 ஜனவரி 26 இல் தடபுடலாக நடத்தினபோது, அந்நாட்டு ஆதிக்குடிகள் அதே நாளில் சிட்னியில் கூடித் துக்க நாள் என்றே பெயர் வைத்தார்கள். பெரியார் சொல்லுவதற்கு ஒன்பது வருஷம் முன்பு!

முன் வரிசையிலிருந்து ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார்: “அப்படியானால் ஆகஸ்ட் 15 இல் நாங்கள் போவதா, வேண்டாமா? கொடிக்கு வணக்கம் செலுத்தலாமா?” செலுத்துவதும் விடுவதும் உங்கள் இஷ்டம், அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவசியம் போங்கள். மிட்டாய் வாங்கிக் கொண்டு கலைந்துவிடாதீர்கள். அன்றுதான் கிராம சபை. சேரிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் ஓரத்தில் நிற்க வேண்டாம், பெண்களோடு முன்னால் வந்து உட்காருங்கள். வரவு செலவை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். தண்ணீர்க் குழாய்க்கும் சுடுகாட்டுப் பாதைக்கும் தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். எழுதினதைத் திரும்ப வாசிக்காமல் நோட்டில் கையெழுத்துக் கேட்டால், போடாதீர்கள்.